கந்தப்பன் சந்தேகப்பட்ட கார்பரேட்டர்

சோமனூரில் தறிக்கூடம் வைத்திருக்கும் கந்தப்பனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டுப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் நூல் நிறுக்கும் தராசில் ஏற்றுவார். பெட்ரோல் பங்கில் மீட்டரைப் பார்த்தது போதாதென்று போடுகிறவரின் கையைப் பார்ப்பார், முகத்தையும் பார்ப்பார். "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தவராட்டம் அப்பிடி என்னத்தப் பாக்கறீங்க?" என்று பின்சீட்டிலிருந்து மனைவி பொன்னாத்தாள் முனகுவாள்.

இப்படிப்பட்ட மனிதரும் ஒரே ஓர் ஆளை நம்பினார். கூடப் படித்த அழகிரிசாமி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். கந்தப்பன் கல்யாணமான புதிதில் வாங்கிய பைக்கில் அழகிரிசாமி கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. "வாடா கந்தா, இன்னிக்கு யார் மேல சந்தேகம்?" என்றுதான் வரவேற்பே இருக்கும். ஊரில் வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் கந்தப்பன் ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டார். அழகிரிசாமி கேட்டால் மட்டும் சிரிப்பு வரும். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவார்.

போன ஐப்பசி மழைக்கு அப்புறம் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. கருமத்தம்பட்டியை எட்டுவதற்குள் இருமும், முக்கும், நின்றுவிடும். எவனாவது பெட்ரோலை உறிஞ்சிவிட்டானோ என்று டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் ஒரே உதையில் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை.

"கார்பரேட்டர்ல கசடு அடச்சிருக்கும்" என்றார் அழகிரிசாமி. கழற்றிப் பெட்ரோலில் கழுவி, ஜெட் துளையில் காற்றடித்து, மிதவையைச் சரிபார்த்து மாட்டினார். தெருவில் ஒரு சுற்று ஓட்டினார்கள், அருமையாக ஓடியது. மறுநாள் அவிநாசி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நின்றது. பெட்ரோல் டியூபை மாற்றினார், பிளக்கை மாற்றினார். அப்போதும் நின்றது.

"எனக்கே புடிபடல கந்தா. வண்டிய உட்டுட்டுப் போ, நெதானமாப் பாக்கறேன்."

எதற்கு விட்டுவிட்டுப் போகச் சொல்கிறான்? கந்தப்பனுக்குள் இருந்த பழைய ஆசாமி விழித்துக்கொண்டார். வண்டியை வீட்டுக்குத் தள்ளி வந்து குத்தவைத்துப் பார்த்தார். கழற்றுவதற்கு முன்பு கார்பரேட்டர் கரிபிடித்துக் கிடந்தது, இப்போது புளிபோட்டு விளக்கிய சொம்பாட்டம் பளபளக்கிறது. கழுவினால் பளபளக்கும் என்று அந்தப் புத்திக்கு எட்டவில்லை. மாற்றிவிட்டான் என்றுதான் எட்டியது. பழைய வண்டிச் சாமானுக்கு இப்போது ஏகக் கிராக்கி. ஒர்க்ஷாப்பில் இதே மாடல் வண்டி ஒன்று, திருப்பூர்க்காரருடையது, புதுப்பெயின்ட் அடித்து நிற்கிறது. ஒரிஜினல் அதற்குள் போயிருக்கும். போதாதா?

"அழகிரியண்ணன் அப்பிடிச் செய்யறவருங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

"உனக்கொண்ணும் தெரியாது அம்மணி."

நேராக ஒர்க்ஷாப்புக்குப் போய், நாலு பேர் இருக்கும்போதே கேட்டார். "டேய் அழகிரி, என்ற ஒரிஜினல் கார்பரேட்டர் எங்கடா?"

அழகிரிசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார். கழிவுத்துணியில் கையைத் துடைத்தார். "உங்க வண்டியில இருக்கறதுதானுங்க உங்களுது" என்றார்.

எங்கள் பக்கத்தில் கோபத்தில் கத்துகிறவரைச் சமாதானப்படுத்திவிடலாம். மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டால்தான் கஷ்டம். இது கந்தப்பனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்றைக்கு அந்த 'ங்க' அவர் காதில் திருடனின் பணிவாகத்தான் விழுந்தது.

கோயமுத்தூரில் பழைய வண்டி தெரிந்தவர்களிடம் காட்டி, திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று கிளம்பினார். மெயின் ரோட்டில் நின்று அசிங்கப்பட வேண்டாமென்று கணியூர்ப் பக்கம் தோட்டத்து வழியில் போனார். சோளக்காட்டோரம் வண்டி நின்றது. வழக்கம்போல மூடியைத் திறந்தார்.

'உஸ்' என்று ஒரு சத்தம். காற்று உள்ளே இழுத்தது. லாரி இரைச்சலில் இத்தனை நாள் கேட்காத சத்தம்.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் வட்டமாக வெட்டிய பாலிதீன் தாள் அழுந்தி ஒட்டியிருந்தது. ஐப்பசி மழையில் வைத்தது அவரேதான். மழைத்தண்ணீர் இறங்கிவிடுமோ என்று ஒரு சந்தேகம். தறிக்கு வருகிறவர்கள் யாராவது மூடியைத் திறந்தால் தாள் நகர்ந்து காட்டிக்கொடுக்கட்டுமே என்று இன்னொரு சந்தேகம். மூடியில் காற்றுப்போக ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. அது அடைபட்டுப் போயிருந்தது. மேலிருந்து காற்று இறங்காமல் பெட்ரோல் எப்படிக் கார்பரேட்டருக்கு இறங்கும்? திருட்டைத் தேடி ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்தாரே, அந்தக் காற்றில்தான் வண்டி அடுத்த கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது.

தாளைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓட்டினார். நீலாம்பூர் வந்தது, வண்டி நிற்கவில்லை. 'நின்னு தொலையேன்' என்று வாய்விட்டுச் சொன்னார். நின்றால் அழகிரி திருடன், தான் யோக்கியன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இருமினால்கூடப் போதும். சிங்காநல்லூர் வரை போய்த் திரும்பினார். சனியன் பிடித்த வண்டி குதிரையாட்டம் ஓடியது. சோமனூர் வந்தும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ஒர்க்ஷாப்பில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள்.

"வாங்க, உக்காருங்க" என்றார் அழகிரிசாமி.

"டேய், தப்பு என்ற மேலதான். மூடிக்குள்ள பாலிதீன் வெச்சது நாந்தான்டா. புத்தி கெட்டுப்போய் உன்னையக் கேட்டுப்போட்டேன்." எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"அப்பிடிங்களா. வண்டி சரியானாச் சரிங்க."

"என்ற மேல கோவமாடா?"

"கோவமென்னத்துக்குங்க?"

நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது கந்தப்பனுக்கு. கிளம்பவும் மனமில்லை. "கார்பரேட்டர்ல ஐடிலிங் கொஞ்சம் ஏறிக் கெடக்குது, நிக்கறப்பவே உறுமுது, பாத்துக் குடுடா" என்று வண்டியை முன்னால் தள்ளினார்.

அழகிரிசாமி குனியவில்லை. பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்து, கார்பரேட்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டோ எடுத்தார். போனைக் கந்தப்பனிடம் நீட்டினார்.

"இது உங்களுதுதானுங்களே? பாத்துச் சொல்லிப்போடுங்க, அப்பறம் கை வெக்கறேன்."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கந்தப்பன் போனை வாங்கிப் பார்த்தார்.

"என்னுதுதான்" என்றார்.

அழகிரிசாமி அதற்கப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.