மூக்குக்குக் கீழே ஒரு கட்டி

கடைத்தெருவில் அவரைத் ‘தாடைக்காரர்’ என்றால்தான் தெரியும். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க யார் வந்து உட்கார்ந்தாலும், “தாடையைக் கொஞ்சம் தூக்குங்க” என்பார். எடுத்த படத்தில் பரு, கட்டி, தழும்பு எது இருந்தாலும் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு, போயே போச்சு.

அவருக்கே மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் ஒரு கட்டி கிளம்பியது. முதலில் பட்டாணி அளவுதான். பிறகு சிவந்து, பளபளத்து, தொட்டாலே உயிர் போனது. வாயைத் திறந்து கொட்டாவி விட முடியவில்லை.

“கை வைக்காதீங்க” என்றாள் மனைவி. “வெந்நீர்ல துணியை நனைச்சு ஒத்தடம் கொடுங்க, தானா பழுத்து உடையும். இல்லைன்னா டாக்டர்கிட்ட போவோம்.”

“நகத்தால கிள்ளி எறியுறதுக்குக் கோடாலி எதுக்கு?”

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. இந்த மூஞ்சியோடு அத்தனை பிள்ளைகள் முன்னால் நிற்க அவருக்குக் கூச்சம். கடையில், படமெடுக்க வருகிறவர்கள் தலை சீவும் கண்ணாடி முன் நின்று, இரண்டு கட்டைவிரல் நகங்களாலும் பிதுக்கினார். கண்ணில் பொறி பறந்தது. கொஞ்சம் சீழும் ரத்தமும் வந்தன. “அவ்வளவுதான் விஷயம்” என்று துடைத்துப் போட்டார்.

காலையில் அவரை எழுப்பப் போன மகள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார். கட்டிலில் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ கிடந்த மாதிரி இருந்தது. வலது கண் இருந்த இடத்தில் வெறும் கோடு. கன்னம் காது வரை வீங்கியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதிக்க, பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

“என்னங்க... என்னங்க இது?” என்று பதறிய மனைவி ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது ஒன்றுதான். “யார் பிதுக்கினது?”

“நான்தாம்மா. சின்னக் கட்டிதானேன்னு...”

“இந்த இடத்து ரத்தக்குழாய் கண்ணுக்குப் பின்னால ஓடி மூளைப் பக்கம் போகுது. பிதுக்கினா சீழ் வெளியே மட்டும் வராது, கிருமி உள்ளேயும் போகும். மூளைக்குப் போயிட்டா உசுருக்கே ஆபத்து.”

அவர் கையில் டிரிப்ஸ் ஏற, ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்தபடி, “உதட்டு மேலதானே இருந்துச்சு... மூளையா...” என்றே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மூளைக்கு ஒன்றுமில்லை என்று ஸ்கேனில் தெரிந்ததும் மனைவி வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கண் முழுசாய்த் திறக்க ஒரு வாரமானது.

வீடு திரும்பிய கொஞ்ச நாளில் மகள் கழுத்தில் ஒரு கட்டி. அப்பா துடைத்த துண்டிலேயே அவளும் துடைத்திருக்கிறாள். அவர் முகம் வெளிறிவிட்டது.

“கையை எடு! நகம் படக் கூடாது!”

அன்றே ஆளுக்கொரு துண்டு வந்தது; பழையவை கொதிநீருக்குள் போயின. வேளாவேளைக்கு ஒத்தடம் கொடுத்தது அவர்தான். கட்டி தானாகவே உடைந்தது. சுத்தமாய்த் துடைத்து, மேலே துணி வைத்துக் கட்டிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

“போதும்பா, தோல் உரிஞ்சிடும்” என்றாள் மகள்.