முரளியின் கேசட்

திருப்பதியில் பழைய கேம் மெஷின் ரிப்பேர் என்றால் என் கடையைத்தான் காட்டுவார்கள். வேறு யாரும் இந்தத் தலைவலியை எடுத்துக்கொள்வதில்லை, அதுதான் காரணம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு வரதய்யபாளையத்து விவசாயி ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஜப்பான் மெஷின் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மகன் முரளிக்கு ஸ்ரீசிட்டியில் ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை. ட்ரெயினிங்குக்கு ஜப்பான் போனபோது வாங்கிய மெஷின். போன வருஷம் பைக் விபத்தில் முரளி இறந்துவிட்டான்.

"பயிர் வெக்கிற ஆட்டம் சார். லீவு விட்டா ஆடிக்கினே இருப்பான். அவன் வெச்ச கொல்லைய ஒரு வாட்டி பாக்கணும்னு அவங்கம்மா சொல்லிக்கினே கீறா. மெஷினப் போட்டா படம் வரல."

நூறு வோல்ட் அடாப்டரை நேராக நம் ஊர் கரண்டில் சொருகியிருக்கிறார். அடாப்டரோடு மெஷினின் ஃப்யூஸும் போயிருந்தது. சின்ன வேலைதான்.

அதற்குமுன், ஆட்டம் பதிந்திருக்கும் கேசட்டைப் பார்த்துவிடலாம் என்று கடையிலிருந்த அமெரிக்க மாடலை எடுத்தேன். வேறு நாட்டுக் கேசட் நுழையாதபடி அதன் வாயில் இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். ரீஜன் லாக் என்று பெரிய பெயர். கட்டிங் பிளேயரில் நறுக்கினேன், ஆட்டம் வந்தது. முரளி சேவ் செய்தது எதுவும் இல்லை. எல்லாம் காலி.

கேசட்டைப் பிரித்தேன். உள்ளே புது செல், கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருந்தது.

"இதை யாருண்ணா மாத்தினது?"

"நான்தான் சார். படம் வரலியே, செல் தீந்து பூடுச்சின்னு நெனச்சேன். மோட்டார் ஸ்டார்ட்டரே நான்தான் பிரிப்பேன். பழசு இதோ."

அந்த செல்லுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆடியதை ஞாபகத்தில் வைப்பதுதான் அதன் வேலை, எடுத்தால் அழிந்துவிடும். மெதுவாக எடுத்துச் சொன்னேன். பழைய செல்லை மீட்டரில் வைத்தேன். மூன்று வோல்ட் முழுசாகக் காட்டியது. ஸ்டார்ட்டர் பிரிக்கிறவருக்கு மீட்டர் பார்க்கத் தெரியாதா?

"அப்போ நல்லாத்தான் இருந்துதா சார்?"

"ஆமாண்ணா."

திரையில் புது ஆட்டத்துக்குப் பெயர் கேட்டு நின்றது. முரளி என்றே போட்டுத் தரட்டுமா என்றேன்.

"வேணாம் சார். அவன் வெச்ச பயிர் இல்லியே அது."

"மெஷின நீங்க சரி பண்ண வேணாம். ரிப்பேர் ஆவாதாம்னு அவகிட்ட சொல்லிக்கிறேன்" என்று துண்டில் சுற்றினார்.

யாராவது கேசட்டைக் கொண்டுவந்தால், உள்ளே யாருடைய ஆட்டம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். செல்லை மாற்றும்போது வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துக்கொண்டே மாற்றுங்கள். ஓடக்கூடிய மெஷினை ஓடாமலே திருப்பிக் கொடுப்பது மாதிரி வேதனை இந்தத் தொழிலில் வேறு இல்லை.