ஊதுபத்தி குத்திய ஓட்டை

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் நெட்டுக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாரை உள்ளே விடுவது, எதை மறிப்பது என்று நான் எழுதிய விதிகளெல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு விதியை மாற்றினாலும் உடனே நகலாக ஒரு பேக்கப் எடுத்து வைக்க வேண்டும். எடுக்காதவர்களோடு சண்டைக்குப் போவேன். நான் மட்டும் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவேன்.

அந்த ஆயுத பூஜையன்று பகலில் மில்லை நிறுத்தியிருந்தார்கள். எந்நேரமும் இரைகிற இடம் அடங்கியதும் காதடைத்த மாதிரி இருந்தது. வெயில் விழுந்த இடத்திலெல்லாம் பஞ்சுத் தூசி மெல்ல மிதந்தது. சாம்பிராணிப் புகையும் அதோடு சேர, நடக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாமல் பொரியைக் கொறித்தபடி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நெட்டு போச்சு!" என்று ஆபீசில் கத்தினார்கள். சர்வர் அறைக்கு ஓடினேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஃபயர்வாலுக்குச் சந்தனப் பொட்டு வைத்து ஊதுபத்தியும் குத்தியிருந்தார், பெட்டியிலிருந்த ஒரே சின்ன ஓட்டையில். எல்லாவற்றையும் அழிக்கிற பொத்தான் அதற்குள்தான் இருக்கிறது.

"ஐயோ அண்ணே! அதுல போயா குத்துவீங்க?"

"வேற எங்க தாயி குத்த? நிக்க மாட்டேன்னுச்சு. செத்த நேரம் நல்லா அமுக்கிப் புடிச்சேன்."

திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி, ஒன்றுமே தெரியாமல் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பென் டிரைவில் பழைய பேக்கப் ஒன்று கிடந்தது. அதை ஏற்றினேன். அரை மணி நேரத்தில் ஆபீசுக்கு நெட் வந்துவிட்டது. எல்லாரும் பாராட்ட, எனக்கும் பெருமை தாங்கவில்லை.

நாலு மணிக்கு, மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஆத்தூர்ப் பெண் போனோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, பிள்ள மொகம் வர மாட்டேங்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மகளுக்குக் காது கேட்காது, பேச்செல்லாம் கையால்தான். ஆத்தூரில் தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள். மில்லுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது, மில் நெட்டில் வீடியோவுக்குத் தடை. தினமும் நாலு மணிக்கு மட்டும் இவளுக்குத் திறந்துவிட நான்தான் ஒரு விதி எழுதியிருந்தேன். ஏற்றிய பேக்கப் அதற்கும் முந்தியது.

"நாலேகாலுக்கு எங்க அண்ணன் போனை எடுத்துக்கிட்டுப் பால் ஊத்தப் போயிரும்க்கா. என்னையப் பாக்காட்டி அவ ராத்திரி சோறு திங்க மாட்டா."

உட்கார்ந்து எழுதினேன். பதற்றத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். "சனியனே, ஏறித் தொலை" என்று பெட்டியை வைதேன். அவள் அவசரப்படுத்தவே இல்லை. அதுதான் என்னை இன்னும் வாட்டியது.

ஐந்து நிமிஷம் மிச்சமிருக்கும்போது பிள்ளையின் முகம் வந்தது. அவள் போனைப் பிரிண்டர்மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேச ஆரம்பித்தாள். அத்தனை பெரிய மில்லில் அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சொல்றா?"

"ஏன் லேட்டுன்னு கோவிக்கிறா. மெஷினு கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

"இல்ல, இந்த அக்கா பேக்கப் எடுத்து வைக்க மறந்துட்டான்னு சொல்லு."

அவள் தயங்கினாள். பிறகு என்னைக் காட்டிக் கையால் சொன்னாள். பிள்ளை திரையிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டென்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

அதற்கு என்ன அர்த்தமென்று நான் கேட்கவில்லை.