சாயக்காரர் பறித்துக் கொடுத்த மிளகாய்

எங்கள் தெருவில் பட்டுக்குச் சாயம் போடுகிற ஒருவர் இருந்தார். முழங்கை வரைக்கும் சிவப்பேறிய கை. காலையில் சாயப் பட்டறைக்குப் போகும்போது, எங்கள் வாசலில் தொட்டியில் வைத்திருந்த மிளகாய்ச் செடியைத் தினமும் நின்று பார்ப்பார். நான் கதவோரமாக நின்றுகொள்வேன், பேசமாட்டேன்.

விதைக்கு எந்தக் காயைப் பறிப்பது என்று தெரியாமல் ஒருநாள் அவரையே கேட்டுவிட்டேன்.

“கலரை நம்பிக்கினு இருக்காதீங்கம்மா. அமுக்கிப் பாத்து, காம்பை லேசா மேல தூக்குங்க. தானா கழண்டு வந்தா பதம்.”

“சாயக்காரரே கலரை நம்பாதேன்னா எப்படிங்க?”

சிரித்துக்கொண்டே, பேச்சு வாக்கில் அமுக்கிப் பார்க்காமலே ஒன்றைப் பறித்து என் கையில் வைத்தார். “இந்தாங்க, நல்லா செவந்துடுச்சி. விதைக்கு வச்சுக்குங்க.”

அது பச்சைக் காய்.

“இன்னும் பச்சையா இருக்குதுங்களே” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. தெருவை இருபுறமும் பார்த்தார்.

“செவப்பும் பச்சையும் என் கண்ணுக்கு ஒண்ணுதாங்கம்மா. பட்டறையில தெரிஞ்சா வேலைக்கு வேணாம்னுடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா.”

நான் சொல்லவில்லை. அந்த வாரமும் அவர் சாயம் போட்ட அரக்குப் பட்டு, பட்டறை வாசலில் கொடியில் காய்ந்தது. நிறம் கொஞ்சமும் பிசகவில்லை.

மிளகாய் என்றால் காம்பைத் தூக்கிப் பார்க்கலாம். பட்டின் சிவப்பை அவர் எதை வைத்துப் பார்த்தாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.