மடியில் கிடந்தவன்

வடிவம்மாள் குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் பங்களாவைப் பெருக்கித் துடைத்துப் பிழைத்தவள். அதிகம் வாய் திறக்க மாட்டாள். அதனாலேயே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவள் மேல் ஒரு கண். பேசாதவள் எதையோ மறைக்கிறாள் என்பது அவர்கள் கணக்கு. கணக்குப் போட்டவர்களில் ஒருவராவது அவளிடம் போய் என்னம்மா என்று கேட்டதில்லை.

மறைக்க அவளிடம் என்ன இருந்தது? புருஷன் முன்னமே போய்விட்டான். மகன் சுடலைக்கண்ணு ஒரு சாரல் காலத்தில் பேரருவியில் வழுக்கி விழுந்தான். கரையில் அவனை மடியில் கிடத்தி உட்கார்ந்தவளைப் பொழுது சாயும்வரை யாராலும் எழுப்ப முடியவில்லை. மிஞ்சியது மகள் ஆவுடைத்தாய் மட்டும்தான்.

முப்பத்தாறாம் வருஷம் அந்த அம்மாள் சீமைக்குப் புறப்பட்டபோது, சுவரில் மாட்டியிருந்த வெண்கல வில்லை ஒன்றைக் கழற்றி இவளிடம் கொடுத்தாள். உள்ளங்கை அகலம். இத்தாலியில் நானூறு வருஷத்துக்கு முன்னால் வார்த்ததாம். அதில், சிலுவையிலிருந்து இறக்கிய ஏசுவை மரியாள் மடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதைத் துடைக்கும்போதெல்லாம் இவள் நின்று பார்ப்பதை அம்மாள் கவனித்திருக்க வேண்டும். தனக்குத் தெரிந்த தமிழில், “அம்மா, மகன்” என்றாள். வடிவம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வில்லை அவள் வீட்டு விளக்கு மாடத்துக்கு வந்தது. முதலில் திருட்டு என்றார்கள். அம்மாளே பத்துப் பேர் பார்க்கக் கொடுத்தது என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு எடுபடவில்லை. உடனே, வடிவம்மாள் வேதத்தில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். எங்கள் பக்கம் வேதத்தில் சேர்வது என்றால் கிறிஸ்தவர் ஆவது. அந்தப் பேச்சு புளியறைக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை. நேரே வீரகேரளம்புதூருக்குப் போயிற்று.

அங்கேதான் ஆவுடைத்தாய்க்கு மாப்பிள்ளை நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் இசக்கியப்பன், வாங்கிய பாலில் விரலை விட்டுப் பார்க்கிற ஆள். மறுநாளே வந்துவிட்டார். வடிவம்மாளின் நெற்றியில் திருநீறு இருந்தது. தன்னை ஏமாற்றப் பூசியதோ என்று அதையும் உற்றுப் பார்த்தார். வேதக்காரச் சாமி என்றால் நிச்சயத்தை முறித்துவிடுவதாகச் சொன்னார். தன் கண்ணையும் நம்பாமல், பேச்சியம்மன் கோயில் சாமியாடி பேச்சிமுத்துவை அழைத்துவரச் சொன்னார்.

பேச்சிமுத்து வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உட்கார்ந்திருக்கும் பெண். மடியில் மல்லாந்து கிடக்கும் ஆள். அவன் விலாவில் ஒரு கிழிசல். சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இது நம்ம பேச்சியில்லா. மடியில போட்டு வயித்தக் கிழிக்கா, பாருங்க.”

எங்கள் பேச்சி அப்படித்தான் இருப்பாள். கொடியவர்களை மடியில் கிடத்திக் குடலை உருவுவாள். நேற்றுவரை வாய்க்கு வந்ததைப் பேசிய தெரு, இப்போது மொத்தமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வெட்கங்கெட்ட தெரு.

இசக்கியப்பனுக்கு மட்டும் பாதிச் சந்தேகம் தீரவில்லை.

“தங்கச்சி, நீ சொல்லு. மடியில கெடக்கவன் யாரு?”

வடிவம்மாள் வில்லையைப் பார்த்தாள். கதவோரம் நின்ற மகளைப் பார்த்தாள். மகன் என்று சொன்னால் பேச்சி இல்லை என்று ஆகிவிடும். கல்யாணமும் அத்தோடு போய்விடும்.

“பாவி, அண்ணாச்சி” என்றாள். “சாவ வேண்டிய பாவி.”

அவர் முகம் தெளிந்தது. தையில் கல்யாணம் நடந்தது. அம்மனை வீட்டில் வைப்பது ஆகாது என்று பேச்சிமுத்து வில்லையைக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

மாசியில் கோயில் கொடைத் திருவிழாவில் கிடா வெட்டினார்கள். அம்மனைக் கொடுத்தவள் என்று வடிவம்மாளை மரியாதையாக முன்னால் நிறுத்தினார்கள். பேச்சிமுத்து சூடான ரத்தத்தை விரலில் தொட்டு, மடியில் கிடந்தவன் முகத்தில் பூசினார். பெண்கள் குலவை போட்டார்கள். இசக்கியப்பன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவம்மாளும் குலவை போட்டாள்.