தாழப் பறந்த விமானம்

என் மகள் டேப்லெட்டில் விமானச் சண்டை விளையாடுகிறாள். பந்தயமும் உண்டு. சுடப்பட்ட விமானிகூட பாராசூட்டில் சிரித்தபடி இறங்குவான், யாரும் சாவதில்லை. அந்த விமான இரைச்சல் கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு அவளிடம் வந்தேன்.

புயல் வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அப்பா வடசேரியில் வாங்கித் தந்த வீடியோ கேமில் அக்காவும் நானும் இப்படித்தான் விமானம் ஓட்டுவோம். புயல் அடித்த அந்த வாரம், மீன்பிடிக்கக் கடலுக்குப் போன அப்பாவின் வள்ளம் திரும்பவில்லை. நான்காம் நாள்தான் கரண்டு வந்தது. அம்மா எங்கள் வீட்டை ஒட்டிய மாதா கோயில் முற்றத்தில் பெண்களோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். பயத்தை மறக்க நாங்கள் டிவியில் அந்த விமான கேமைப் போட்டு, சத்தத்தையும் கூட்டினோம்.

திடீரென்று வெளியே அம்மா கத்தினாள். “பிளேன் வந்திருக்கு! நம்ம ஆளுவள தேட வந்திருக்கு!”

சன்னலில் எட்டிப் பார்த்தேன். அம்மா முந்தானையை வீசிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். வானத்தில் மேகம் மட்டுமே இருந்தது.

அக்கா டிவியை அணைத்தாள். “ஏட்டி, அம்மைட்ட சொல்லிராத.”

முழங்கால்வரை நனைந்த சேலையோடு அம்மா திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். “தாழப் பறந்துச்சு மக்கா. நீயும் கேட்டியா?”

“கேட்டேம்மா.”

அப்பா வரவேயில்லை. யாருமே தேட வரவில்லை என்று ஊர்ப்பெண்கள் அழும்போதெல்லாம், “ஒருக்கா வந்துச்சு, எம் பிள்ளையளும் கேட்டுதுவ” என்பாள் அம்மா. சாகும்வரை அதைச் சொன்னாள். நாங்கள் திருத்தவில்லை.

“அம்மா, நீயும் வெளையாட வா” என்று மகள் கூப்பிட்டாள். சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.