தண்ணீர் தராத மகள்

சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருடமாகப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறவள் அவள். சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. காஜா அக்கா என்றால்தான் தெரியும். கல்யாணப் பேச்சு தட்டிப்போய்த் தட்டிப்போய், ஒரு கட்டத்தில் அதைப் பேசுவதையே வீட்டில் விட்டுவிட்டார்கள். அம்மா போன பிறகு, மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பா ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பா எதையும் பாதியோடு விடுகிற ஆள் இல்லை. உப்பை அடியோடு நிறுத்தினார். தண்ணீர் நிறையக் குடித்தால் உள்ளே கழுவிவிட்டதுபோல் சுத்தமாகும் என்று யாரோ சொல்லிவைக்க, பொழுது விடிந்ததிலிருந்து சொம்பும் கையுமாக இருந்தார். அவள் வேலைக்குப் போய்விடுவாள். தடுக்க ஆளில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது, அப்பா துணி அலமாரியின் கதவைத் திறந்து பிடித்தபடி விறைப்பாக நின்றிருந்தார். "எந்த மாடிம்மா போகணும்?" என்றார். விளையாடுகிறார் என்று அவள் சிரித்தாள். அவர் மறுபடியும் அதே மரியாதையோடு கேட்டதும் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உப்பு தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். அந்த வார்டு டாக்டர் சின்ன வயதுப் பெண். படுக்கை ஓரமாக உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்.

"உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தாம்மா தண்ணி போகும். இவருக்கு ரத்தத்துல உப்பு இல்ல. அதனால தண்ணி செல்லுக்குள்ள போயி, ஒவ்வொரு செல்லும் ஊறி உப்பியிருக்கு. மத்த எடத்துல உப்பினா கொஞ்சம் தாங்கும். மூளையச் சுத்தி மண்டை ஓடு இருக்கே, மூளை உப்பினா எங்க போகும்?"

ஒரு நாளைக்கு நாலு டம்ளர், அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்பது உத்தரவு.

அந்த மூன்று நாளை அவள் எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பா முதலில் கெஞ்சினார். பிறகு திட்டினார். அதுவரை அவர் வாயிலிருந்து வந்தே கேட்டிராத வார்த்தைகள் வந்தன. நடுநடுவே குழந்தைபோல், "அம்மாடி, ஒரே ஒரு வாய்" என்பார். அவள் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிடுவாள்; அவர் அந்தப் பஞ்சைப் பல்லால் கவ்வி உறிஞ்சப் பார்ப்பார். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி, கல்நெஞ்சுக்காரி என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா கண்ணெதிரே குடிக்க மனம் வராமல் அவள் வராந்தாவுக்குப் போய்க் குடித்தாள்.

நான்காம் நாள் காலை வெளியூரிலிருந்து தம்பி வந்தான். அவள் கோலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வரச்சொன்னான். தண்ணீர் விஷயத்தை அவள் இரண்டு தடவை சொன்னாள். அவனும் இரண்டு தடவை தலையாட்டினான். வீட்டில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கட்டிலில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

மத்தியானம் அவள் ஓடிவந்தபோது அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே அவருக்கு வலிப்பு. திரைக்கு வெளியே தம்பி நின்றிருந்தான். அவன் காலடியில் இரண்டு காலி தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன.

"அழுதாரு அக்கா," என்றான். "அப்பா அழுது நான் பாத்ததே இல்ல."

அவனைத் திட்ட அவளிடம் தெம்பு இல்லை.

ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். பிறகு கெட்டியான உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கொஞ்சம் வேகமாக ஏற்றக்கூடாதா என்று அவள் கேட்டாள்.

"உள்ள போன தண்ணிய அவசரமா வெளிய இழுக்கக் கூடாதும்மா," என்றாள் டாக்டர். "செல்லு திடீர்னு சுருங்கினா மூளைல வேற கோளாறு வந்துரும். அப்புறம் பேச்சும் வராது, கை காலும் வராது. மெதுவாத்தான் ஏத்தணும்."

இரண்டு நாள் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அப்பா கண்ணைத் திறந்து, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தார்கள். மாத்திரை மாறியது, சாப்பாட்டில் அளவாக உப்பு சேர்ந்தது, தண்ணீருக்கு அளவு மட்டும் தொடர்ந்தது. வலிப்பு வந்தது, ஊசி போட்டது எதுவும் அப்பாவுக்கு நினைவில்லை. மகள் தண்ணீர் தரவில்லை என்பது மட்டும் அச்சடித்ததுபோல் நினைவிருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். முதலில் நாலைந்து பேருக்கு அவள் விளக்கம் சொன்னாள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் தம்பி வந்தான். அன்றைக்குக் கீழ்வீட்டுக்காரரும் வந்திருந்தார். அப்பா ஆரம்பித்தார்: "பெத்த பொண்ணு சார். நாக்கு வறண்டு கெடக்கேன், ஒரு வாய் தண்ணி குடுக்கல."

தம்பி வாயைத் திறக்கமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"அப்பா, அக்கா குடுக்காததாலதான் ஒடம்பு தேறிட்டு வந்துது. நான்தான் குடுத்தேன். ரெண்டு பாட்டில். அதுலதான் வலிப்பே வந்துது."

அப்பா அவனை வாஞ்சையோடு பார்த்தார். "அதத்தானடா நானும் சொல்றேன். நீ குடுத்த. அதான் பொழச்சேன்."

தம்பி திகைத்து அக்காவைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று அப்பா கீழ்வீட்டுக்காரரிடம் விசாரித்தார்.

"நாலு மணிக்கு அரை டம்ளர் குடு. அவர் என்ன சொன்னாலும் அரை டம்ளர்தான்," என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அவள் உள்ளறைக்குப் போய்ப் படுத்தாள்.